குதிரைத்திறனைக் கேட்பவர்கள் டயரின் வயதைக் கேட்பதில்லை

அதிவேக சொகுசு கார்களைப் பழுதுபார்ப்பதும், வாங்குமுன் பரிசோதித்துச் சொல்வதும் என் தொழில். வருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் கேள்வி குதிரைத்திறன். அடுத்தது, நூறைத் தொட எத்தனை நொடி. டயர் எந்த வருடத்தியது என்று கேட்பவர் அபூர்வம்.

புகாட்டி வேரான் என்ற காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் வந்தபோது 16 சிலிண்டர், நான்கு டர்போ, 1001 குதிரைத்திறன், மணிக்கு 407 கி.மீ. வேகம். 2010-இல் சூப்பர் ஸ்போர்ட் என்ற வகையில் திறனை 1200 ஆக்கினார்கள். கூடுதலாகக் கிடைத்த வேகம் வெறும் 24 கி.மீ.தான். வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழித்துப் போக எட்டு மடங்கு திறன் வேண்டும். அந்த வேகத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரும் அவ்வளவு கஷ்டப்பட்டுத்தான் கிடைக்கும். 431 கி.மீ. எட்டிய அதே வகையை விற்பனைக்கு விட்டபோது 415-லேயே கட்டிப்போட்டார்கள். என்ஜினால் முடியாமல் இல்லை, டயரைக் காப்பாற்ற.

சரி, நாம் யாரும் 400-இல் போகப்போவதில்லை. ஆனால் 200-இல் போகும் கார் 100-இல் போவதைவிட நான்கு மடங்கு ஆற்றலைச் சுமக்கிறது. நிறுத்தும்போது அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக இறங்கும். வெப்பம் தாங்கும் கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் இருக்கிறதே என்பார்கள். டிஸ்க் தாங்கும், பிரேக் குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் தாங்க வேண்டாமா? அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கார் ஓடினாலும் சரி, சும்மா நின்றாலும் சரி. டாட் 4 (DOT 4) என்ற பிரேக் ஆயில் வகைக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி, ஈரமேறிய பின் 155 டிகிரி செல்சியஸ். கொதித்தால் குழாயில் ஆவி சேரும். பெடல் தரைவரை போகும், கார் நிற்காது.

இத்தனைக்கும் இந்தக் கார்களில் பல, உறை போட்டு வருடக்கணக்கில் நிற்பவை. மீட்டரில் கொஞ்சம்தான் ஓடியிருக்கும், டயர் பட்டன் (தரையில் படும் மேடுபள்ளம்) புதுசு போலவே இருக்கும். ரப்பர் மட்டும் இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அந்த எண் ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். கீழே குனிந்துதான் பார்க்க வேண்டும்.

அப்புறம் வேகக் குறியீடு, அதாவது டயர் எந்த வேகம் வரை தாங்கும் என்று சொல்லும் எழுத்து. டபிள்யூ (W) என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை, ஒய் (Y) என்றால் 300 வரை. அளவு பொருந்துகிறது என்று மலிவான, குறியீடு குறைந்த டயரை மாட்டி விற்பவர்களும் உண்டு.

‘கம்மியாக ஓடியது’ என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால், நான்கு டயரும் பிரேக் ஆயிலும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.