கூண்டு ஏற்றும்வரை காத்திருக்காதீர்கள், கயிற்றைப் பாருங்கள்

"மாட்ட என்ன தம்பி பண்ணச் சொல்ற?"

2018 நவம்பர் 15, கஜா புயல் கரையைக் கடப்பதற்கு முந்தின மதியம். வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஓர் அப்பாயி என்னிடம் கேட்டது இது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று மைக் கட்டிய ஆட்டோ ஒன்று சொல்லிக்கொண்டே தெருவைத் தாண்டிப் போயிருந்தது. மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு அவர் மட்டும் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு சினைமாடு, ஒரு கறவை, அதன் கன்று, ஏழெட்டு ஆடுகள். நான் அந்த வட்டாரத்துக் கால்நடை மருத்துவன். என்னிடமே சரியான பதில் இல்லை. "அவுத்து விட்டுட்டு வாங்க அப்பாயி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அவுத்து விட்டா எங்க போவும்?" என்றார். ஏதோ மழுப்பிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினேன்.

அன்றிரவு அவர் முகாமுக்குப் போகவில்லை. ஆடுகளை வீட்டுக்குள் ஏற்றிவிட்டு, பக்கத்து மாடிவீட்டில் தங்கிக்கொண்டார். நடுராத்திரிக்குமேல் காற்று சட்டென்று ஓய்ந்தது. புயல் முடிந்தது என்று நினைத்து அரிவாளோடு கொட்டகைக்கு ஓடியிருக்கிறார். நனைந்த கயிற்றின் முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது, விரலுக்கு மசியவில்லை. கறவையையும் கன்றையும் கயிற்றை அறுத்து விட்டார். மூன்றாவது கயிற்றுக்குப் போவதற்குள் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி அடிக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நான் போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளுக்கு அடியில் சினைமாடு கிடந்தது. கழுத்துக்கயிறு கட்டுத்தறியில் கட்டியது கட்டியபடியே இருந்தது. கறவையும் கன்றும் வாய்க்கால் கரையில் நின்று புல் கடித்துக்கொண்டிருந்தன.

முகாமுக்கு வர மறுப்பவர்களை 'சொன்னா கேக்காத சனம்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கிட்டப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கொட்டகையில் ஒரு மாடு நிற்கும். பால் சொசைட்டியில் வருகிற பணத்தில்தான் அந்த வீட்டின் மளிகையும் மகளிர் குழுத் தவணையும் ஓடும். அதை விட்டுவிட்டு வா என்றால் எப்படி வருவார்? 1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலைப் பற்றிய வானிலைத் துறைக் குறிப்பில், 560 பேர் இறந்தார்கள் என்பதற்குப் பக்கத்திலேயே 23,000 கால்நடைகள் மாண்டன என்றும் இருக்கும். இரண்டையும் தனித்தனிக் கணக்காக என்னால் படிக்க முடிவதில்லை. மாட்டுக்கு ஓர் ஏற்பாடு ஆனால்தான் ஆள் வீட்டைவிட்டுக் கிளம்புவார். அதனால் இப்போதெல்லாம் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று கேட்டதும், ஊரில் நான் கேட்கிற முதல் கேள்வி: "மாடு எங்க நிக்கப்போவுது?"

இதற்குப் பதில் வருகிற புயலைப் பொறுத்தது. 2008 நவம்பரில் வந்த நிஷா தண்ணீர்ப் புயல். ஒரத்தநாட்டில் ஒரே நாளில் சுமார் 66 சென்டிமீட்டர் மழை கொட்டியது. காற்று கஜா அளவுக்கு இல்லை, ஆனால் வயலும் தெருவும் ஒன்றாகிப்போயின. கஜா காற்றுப் புயல். நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகம். பேராவூரணி, பட்டுக்கோட்டை வரைக்கும் தென்னை வேரோடு சாய்ந்தது. தண்ணீர்ப் புயலில் மேடு வேண்டும். காற்றுப் புயலில் மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளி வேண்டும். கடலோர ஊர்களில் இரண்டோடு சேர்ந்து உப்புத்தண்ணீரும் சேறும் உள்ளே வரும். கோடியக்கரைக் காட்டில் மட்டக்குதிரைகளும் மான்களும் கஜாவில் செத்தன. கட்டாமல் திரிகிற பிராணிக்கே அந்தக் கதி என்றால், கட்டிக் கிடக்கிற மாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில் ஒரு பழக்கம், "நாகை துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்போம். அந்தப் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் உண்டான செய்தி. பத்தாம் எண் ஏறும்போது மாட்டை ஓட்டிக்கொண்டு நடக்க முடியாது. வானிலை மையம் புயல் வாய்ப்பை மூன்று நாள் முன்னதாகவே சொல்கிறது. 48 மணி நேரத்துக்கு முன் உஷார்ப்படுத்துகிறது, 24 மணி நேரத்துக்கு முன் எந்தக் கரை என்று இன்னும் குறுக்கிச் சொல்கிறது. மாடு வைத்திருப்பவருக்கு அந்த முதல் நாள்தான் முக்கியம். கஜா நேரத்தில் கடலூர் முதல் பாம்பன் வரை என்று நீளமாகச் சொன்னதும், 'நம்ம ஊருக்கு வராது' என்று பல பேர் இருந்துவிட்டோம். நானும் இருந்தேன்.

முதல் நாளில் இடம் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் ஒரு திடல் உண்டு. இல்லாவிட்டால் கோயில் மேடு, களத்துமேடு, ரயில் பாதைக் கரை. கொள்ளிடம், காவிரிப் படுகையில் மாடு கட்டியிருப்பவர்கள் படுகையைவிட்டே ஏறிவிட வேண்டும். மழை இங்கே பெய்யாவிட்டாலும் முக்கொம்பு அணையில் திறந்துவிட்டால் தண்ணீர் வரும். கடலோரத்தில் தூண்மேல் நிற்கிற புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. அதன் கீழ்த்தளத்தில் மாட்டை விடலாமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் வெயிலடிக்கிற நாளிலேயே கேட்டு வையுங்கள். கொட்டும் மழையில் கேட்டால் 'மேலதிகாரிகிட்ட கேக்கணும்' என்றுதான் பதில் வரும். கடல் ஏறும் என்று எச்சரித்திருந்தால் அந்தக் கீழ்த்தளமும் ஆகாது.

சரி, கயிற்றுக்கு வருவோம். இதை மட்டுமாவது செய்து வையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேங்காய்நார்க் கயிறும் பருத்திக் கயிறும் நனைந்தால் ஊறி இறுகும். மாடு மிரண்டு இழுக்க இழுக்க முடிச்சு இன்னும் இறுகும். நைலான் கயிறு ஊறாது, ஆனால் கழுத்தை அறுக்கும். அந்த நாட்களில் முடிச்சை மாற்றிப் போடுங்கள்: ஒரு முனை நீளமாகத் தொங்க வேண்டும், அதைப் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்தால் முழுதும் அவிழ வேண்டும். வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, கண்ணைக் கட்டிவிட்டு அவிழ்க்கச் சொல்லிப் பாருங்கள். கரண்ட் போன இரவில் கை அப்படித்தான் தடவும். வாசல்நிலையில் ஓர் அரிவாளைச் செருகி வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், காற்று திரும்புகிற விஷயம். புயலின் கண் நம் தலைக்குமேல் போனால், முதல் பாதியில் வடக்கிலிருந்து அடிக்கிற காற்று, அமைதிக்குப் பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். முதல் பாதியில் சுவருக்குத் தெற்கே ஒண்டி நின்ற மாட்டின்மேல் அடுத்த பாதியில் காற்று நேராக வரும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது கைவந்த பாடம். வாடை ஓய்ந்ததும் அடுத்தது எந்தக் காற்று என்று பார்ப்பார்கள். விவசாயி வீட்டில் இது தெரியாமல் அந்த அமைதியில் வெளியே ஓடுகிறார்கள். அமைதி அரை மணி நேரமும் இருக்கலாம், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். நம்பிப் போகக் கூடாது.

அவிழ்த்து விட்டால் மாடு எங்கே போகும் என்று அப்பாயி கேட்டாரே, அதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கன்றோடு சேர்த்து அவிழ்த்துவிட்டால் தாய் வெகுதூரம் போவதில்லை. கன்று பாலைக் குடித்துவிடுவதால் மடியும் கட்டாது. இரண்டு நாள் கறக்காமல் விட்ட கலப்பின மாடுகள் மடிநோயோடு வந்து நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன். தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரி மாடுகள் மந்தையாக மேய்ந்து பழகியவை, மேட்டைத் தேடித் தாமே ஏறிவிடுகின்றன. வீட்டில் கட்டிப்போட்டே வளர்த்த ஜெர்சிக்கு அந்த ஊர் ஞானம் கிடையாது. அதை முன்கூட்டியே மேட்டில் கொண்டுபோய் விட வேண்டும். சினை முற்றிய மாடு முதலில், கறவை அடுத்தது. ஆடு நனைந்தால் சளிக்காய்ச்சலில் போய்விடும், அதனால் வீட்டுக்குள் ஏற்றுங்கள். நாற்றம் இரண்டு நாளில் போகும். நாய்ச் சங்கிலியையும் கழற்றிவிடுங்கள். கோழியைக் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டுப் போகாதீர்கள், தண்ணீர் ஏறினால் அதுவே சமாதி.

காற்றுப் புயலில் மாட்டைத் தென்னையில் கட்டவே கட்டாதீர்கள். மரம் சாயாவிட்டாலும் மட்டையும் காயும் விழும்.

ஓடிப்போன மாடு யாருடையது என்ற தகராறு புயலுக்குப் பிறகு கட்டாயம் வரும். காதில் மஞ்சள் வில்லை இருந்தால் அதிலுள்ள 12 இலக்க எண்ணை போனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கிற உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். மாட்டையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த பெயிண்ட் டப்பா பரணில் மிச்சம் இருக்கும். அதை எடுத்து விலாவில் போன் நம்பரைப் பெரிதாக எழுதலாம். (உம்பளச்சேரிக் காளைக்குக் கொம்பைத் தீய்த்துவிட்டிருப்பார்கள், அதற்கும் விலாதான்.)

வைக்கோல் போரை மறந்துவிடுகிறோம். தார்ப்பாயால் மூடி, அதன்மேல் பழைய மீன்வலையைப் போட்டு, நாலு மூலையிலும் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் ஓரளவு நிற்கும். அதையும் காற்று தூக்கிவிடலாம் என்பதால், ஒரு வாரத்துக்கு மாட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ வீதம் கணக்குப் போட்டு வீட்டுக்குள் தனியாக ஏற்றிவிடுங்கள். குடிதண்ணீரையும் டிரம்மில் பிடித்து வையுங்கள். ஒரு கறவை ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் குடிக்கும். கடல்நீர் புகுந்த குளம் மாட்டுக்கு உதவாது.

புயல் போன பிறகு என்னிடம் வந்த மாடுகளில் காயம்பட்டவை ஒரு பங்கு. சோறு தின்று படுத்தவை இன்னொரு பங்கு. முகாமில் மிஞ்சிய சாதத்தையும் பொங்கலையும், பாவம் பட்டினி கிடக்கிறதே என்று, அண்டாவோடு கொண்டுவந்து மாட்டுக்கு வைக்கிறார்கள். வைக்கோல் தின்று பழகிய வயிற்றில் அவ்வளவு சோறு ஒரேயடியாகப் போனால் புளித்து அமிலமாகும், அசைபோடுவது நிற்கும், மாடு படுத்துவிடும். அரிசி, கம்பு மாவு எதுவானாலும் இதே கதைதான். பூஞ்சணம் பிடித்த வைக்கோலையும் போடாதீர்கள். இருக்கிற காய்ந்த வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாலே மாடு தாங்கும். வயிறு உப்பியிருந்தால் வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றுகிற வேலையைத் தெரியாதவர்கள் செய்ய வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் கம்பி அறுந்து கிடந்தால் மாட்டை அந்தப் பக்கமே ஓட்டாதீர்கள். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால், நமக்குச் சுருக்கென்று உறைக்கிற மின்சாரமே மாட்டை உடம்பு வழியாகப் பாய்ந்து கொன்றுவிடும். கரண்ட் இல்லை என்று நம்புவதற்கும் இல்லை. பக்கத்துத் தெருவில் யாராவது ஜெனரேட்டர் போட்டிருப்பார்கள், அந்தக் கரண்ட் கம்பியில் ஏறி வரலாம்.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. புயல் முடிந்த மறுநாள் 'தொண்டை அடைப்பானுக்கு ஊசி போடுங்க டாக்டர்' என்று வருகிறார்கள். ஊசி போட்ட பின் உடம்பில் எதிர்ப்பு சக்தி வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்குத் துள்ளுமாரி எல்லாவற்றுக்கும் ஆடி, ஆவணியில் முகாம் நடக்கும்போதே வந்துவிடுங்கள்.

மாடு இறந்துவிட்டால் புதைக்க அவசரப்படாதீர்கள். பிரேத பரிசோதனைச் சான்று இல்லாமல் நிவாரணம் வாங்குவது கஷ்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று உயர்த்தி அறிவித்தார்கள். காதுவில்லை தெரிகிற மாதிரி படம் எடுத்துவிட்டு கிராம நிர்வாக அலுவலருக்கும் எங்களுக்கும் சொல்லுங்கள். மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்திருந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்; தொண்டை அடைப்பான் வேறு) இருக்கலாம். தோலை உரிக்கவோ அறுக்கவோ கூடாது. கிணறு, குளத்திலிருந்து தள்ளி ஆறடிக்குக் குறையாமல் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். வெட்டுகிறவர்கள் காலில் புண் இல்லாதவர்களாக இருக்கட்டும், பூட்ஸ் போடட்டும். எலிக்காய்ச்சல் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது.

கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இரண்டையும் குறித்து வையுங்கள். ஆனால் கஜா முடிந்த சில நாட்களுக்கு எங்கள் பக்கம் எந்த போனும் எடுக்கவில்லை. ஆட்கள் சைக்கிளில் மருந்தகத்துக்கு வந்து, நான் இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு, காலையில் கிளம்பும்போது எந்த ஊர், அடுத்து எந்த ஊர், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று மருந்தகக் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போக ஆரம்பித்தேன். இந்தக் கார்த்திகையிலும் அப்படித்தான் எழுதப்போகிறேன். போன் எடுக்காவிட்டால் வந்து கதவைப் பாருங்கள்.