மெய்நிகர் தனிவழங்கி: இதில் 'தனியார்' எங்கே வந்தார்?

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒருவருக்கு இணையதளம் பராமரித்துக் கொடுக்கிறேன். ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வெளியிட்டதும் நாலைந்து நாளைக்குத் தளம் திணறும். பல தளங்கள் ஒரே வழங்கியைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கை விட்டு விபிஎஸ்ஸுக்கு (விர்ச்சுவல் பிரைவேட் சர்வர்) மாறிவிடலாம் என்று சொல்லி, தமிழில் இருந்த விலைப்பட்டியல் ஒன்றை அனுப்பினேன். அதில் 'மெய்நிகர் தனியார் சேவையகம்' என்று போட்டிருந்தது. படித்துவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, தனியார் எதுக்கு? அரசாங்க சேவையகம் இருந்தா அதுலயே போட்டுருங்க. பஸ்ஸு மாதிரி கொஞ்சம் கம்மியா இருக்கும்ல?"

தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் கேட்பார்.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம். தரவு மையத்தில் ஒரு பெரிய கணினி இருக்கிறது. ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அந்த ஒரே இரும்பைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. 64 ஜிபி நினைவகம் உள்ள பெட்டியென்றால், தனக்குக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, ஆளுக்கு 4 ஜிபி வீதம் பதினைந்து பேருக்குக் கொடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் சொந்த இயங்குதளம், முழு அதிகாரம் தரும் சொந்த ரூட் கடவுச்சொல். ஒருவர் தன்னுடையதை அணைத்துப் போட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. யோசனை பழையதுதான். ஐபிஎம் 1972இலேயே பெருங்கணினிகளுக்கு விஎம்/370 என்று கொண்டுவந்தது. இன்றைய மலிவு வாடகைக்கு வழிவிட்டவை, 2003இல் கேம்பிரிட்ஜில் பிறந்த ஜென், 2007இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே சேர்ந்த கேவிஎம் என்ற இரண்டு ஹைப்பர்வைசர்கள்.

விர்ச்சுவல் என்ற சொல்லுக்கு வேர் லத்தீனின் விர்டுஸ்; ஆற்றல் என்று பொருள். வடிவத்தில் அதுவாக இல்லாமல் பலனில் அதுவாகவே இருப்பது. 'மாய' என்று சிலர் எழுதுவது இதனால்தான் பொருந்தாது. மாயக் கணினியில் யாரும் கடை நடத்த முடியாது. 'மெய்நிகர்' நல்ல சொல். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. தனக்கென்று உடம்பில்லாமல், உடம்புள்ளதற்கு நிகராக வேலை செய்வதற்கு இதைவிட என்ன வேண்டும்? நிகர்தான், மெய்யே அல்ல என்பதும் அதிலேயே இருக்கிறது. லினக்ஸ் ஓடும் விபிஎஸ்ஸில், கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் டாப் (top) என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். மேலே சிபியூ வரியின் கடைசியில் 'எஸ்டி' (st) என்று ஓர் எண் வரும். அது ஏறினால், உங்கள் முறைக்கு நீங்கள் காத்திருக்க, அதே பெட்டியில் இருக்கும் இன்னொருவர் சிபியூவைத் தின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, தனியாருக்கு வருவோம்.

பிரைவேட் என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு கிளை: அரசுடையது அல்லாதது, பிறரோடு பங்கில்லாதது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. முன்னது தனியார், பின்னது தனி. அவர்களிடம் குழப்பமாக இருப்பது நம்மிடம் தெளிவாக இருக்கும்போது, குழப்பத்தை இறக்குமதி செய்வானேன்? தனியாரில் உள்ள 'ஆர்' பலர்பால் விகுதி, ஆட்களைக் குறிப்பது. தனியார் பள்ளி, தனியார் மருத்துவமனை எல்லாம் யார் உடைமை என்று சொல்பவை. விபிஎஸ்ஸில் உடைமைப் பேச்சே இல்லை. இரும்பு வாடகைக்கு விடும் நிறுவனத்துடையது. நமக்கு வருவது தனியாக ஒதுக்கிய ஒரு பங்கு. நம் அரசுத் துறைகள் தேசிய தகவலியல் மையத்தின் மேகக் கணினியில் மெய்நிகர் வழங்கிகள் வைத்திருக்கின்றன. அவற்றையும் தனியார் என்பதா?

இதை மொழிபெயர்ப்பு செய்யும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "வாடகைக்கு எடுத்தவர் தனி ஆள்தானே, அதனால் தனியார்" என்றார். முப்பது பேர் வேலை செய்யும் அலுவலகம் எடுத்தால்? "அப்படியென்றால் அந்தரங்கச் சேவையகம்" என்றார். அதைப் பட்டியலில் போட்டால் போலீஸ்தான் வரும். கடைசியில், "பழகிவிட்டதே சார்" என்றார். யாருக்குப் பழகியது? கல்யாணமாகிப் பிரிந்து போகிறவர்களைத் தனிக்குடித்தனம் போகிறார்கள் என்கிறோமே, 'தனியார் குடித்தனம்' என்றா சொல்கிறோம்? ஷேர்டு ஹோஸ்டிங் ஒண்டுக்குடித்தனம், விபிஎஸ் தனிக்குடித்தனம். சொல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் மென்பொருளை மொழிபெயர்ப்பவர்கள் சொற்பட்டியலில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். விபிஎன்னும் (விர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்) தனியார் வலையமைப்பாகிவிட்டது. குறியாக்கத்தில் உரியவர் மட்டும் ரகசியமாக வைத்திருக்கும் பிரைவேட் கீயைத் 'தனியார் விசை' என்று ஒரு கையேட்டில் பார்த்தேன். யாரோ ஒரு பேருந்து முதலாளியின் வண்டிச் சாவி போல இருந்தது.

சர்வருக்கு வழங்கியே போதும். உலாவி, செயலி, துருவி வரிசையில் ஒழுங்காக நிற்கிறது. 'சேவையகம்' என்றால் ரேஷன் கார்டுக்கு மனு எழுதித் தரும் இடம் போல் கேட்கிறது. ஆக, மெய்நிகர் தனிவழங்கி. (மெய்நிகர் என்பதை வினைத்தொகையாக எடுத்துக்கொள்கிறேன், அதனால் 'த்' போடவில்லை. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.)

ஹோஸ்டிங்கை 'விருந்தோம்பல்' என்று எழுதும் கூத்தும் நடக்கிறது. மாதம் பிறந்தால் பில் அனுப்பி, பணம் வராவிட்டால் தளத்தை முடக்குவதற்குப் பெயர் விருந்தா? இடவாடகை என்றால் போயிற்று.

அச்சகக்காரருக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "தனியார், அரசு எல்லாம் இல்ல அண்ணாச்சி, உங்களுக்குன்னு தனியா ஒரு இடம், அவ்வளவுதான்" என்றேன். அடுத்த முறை போனபோது அவருடைய செலவு நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. மை, தாள், பைண்டிங் கூலி வரிசையில், அவர் கையெழுத்தில்: 'நெட்டில் தனி இடம், ஒரு மாத வாடகை.'