நண்பன் பார்க்கும்போது மூளை என்ன செய்கிறது?

"கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பையன்களுக்கு நாடகமும் பறையும் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் இடம்தான் கூர்நோக்கு இல்லம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பதின்பருவத்தில் ஆசையைக் கிளப்பும் மூளைப்பகுதி முந்திக்கொள்ளும். நெற்றிக்குப் பின்னால் இருந்து 'பொறு' என்று சொல்லும் பகுதி முழுதாகத் தேற இருபது வயதைத் தாண்டிவிடும். இது பலரும் படித்ததுதான். எனக்கு வியப்பு தருவது அடுத்த கட்டம்.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜேசன் செய்ன், லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் குழுவினர் ஒரு கார் விளையாட்டை வைத்து ஆராய்ந்தார்கள். சிக்னலில் மஞ்சள் விழுகிறது. பிரேக் போட்டால் நேரம் போகும். பாய்ந்தால் மோதல் வரலாம். தனியாக ஓட்டியபோது பதின்பருவத்தினர் பெரியவர்களைப் போலவே ஓட்டினார்கள். பக்கத்து அறையில் நண்பர்கள் திரையில் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் துணிந்து பாய்ந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பரிசை எதிர்பார்த்துத் துடிக்கும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி, நண்பர்கள் பார்க்கும்போது பிள்ளைகளின் மூளையில் கூடுதலாக வேலை செய்ததை ஸ்கேன் காட்டியது. ஆய்வு வெளியானது 2011-இல்.

'ரத்தத்திலேயே ஊறிய குணம்' என்று பேசுபவர்கள் இதைப் படிக்க வேண்டும். தனியாக இருக்கும்போது நிதானமாக ஓட்டும் அதே பிள்ளைதான் இது.

சரி, நாடகம் எங்கே வருகிறது? அங்கேயும் சக பையன்கள்தான் பார்வையாளர்கள். பிரிட்டனில் 1987 முதல் சிறைகளிலும் குற்றம் செய்த இளைஞர்களிடமும் வேலை செய்துவரும் கீஸ் நாடகக் குழு முகமூடிகளைப் பயன்படுத்துகிறது. ஒன்றில் முறுக்கிய முஷ்டி, இன்னொன்றில் செங்கல் சுவர். பாத்திரம் வீறாப்பாகப் பேசிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் "முகமூடியைத் தூக்கு" என்பார்கள். தூக்கியதும் உள்ளே ஓடும் பயத்தையும் அவமானத்தையும் நடிகர் சொல்லியாக வேண்டும். வம்புக்குத் தூண்டிய அதே நண்பர் கூட்டம், இப்போது நின்று யோசிப்பதற்குக் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டும் மூளைக்குப் பரிசுதான் என்பது என் கணிப்பு.

நம் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015, இந்த இல்லங்களில் பொழுதுபோக்கு வசதி இருக்க வேண்டும் என்கிறது. கலையை அந்தக் கணக்கில் எழுதி, ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் மட்டும் ஆசிரியரை வரவழைப்பது போதாது. உளவியல் ஆலோசனைக்கு ஒதுக்குவதுபோல் இதற்கும் நிதி ஒதுக்கி, வாரந்தோறும் நடத்த வேண்டும். அப்புறம், விடுதலையான பையன் திரும்புவது பழைய கூட்டாளிகளிடம்தான். அதனால் உள்ளே சொல்லிக்கொடுத்த ஆசிரியரே வெளியிலும் ஒரு குழு நடத்தி, அவனை அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்; அதற்காக அந்த ஆசிரியருக்குச் சம்பளம் தர வேண்டும்.