பதினைந்து எண்களில் ஏழு முன்பே தெரியும்

ஜியோகேச்சிங் என்பது பொதுமக்களே ஒளித்துவைத்து, பொதுமக்களே தேடும் புதையல் வேட்டை. ஒளித்தவர் பெட்டி இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். தேடுபவர் ஜிபிஎஸ் துணையோடு போய், உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்திருந்த பிழை 2000 மே 1 நள்ளிரவோடு நீங்கியது. மே 3 அன்றே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை மறைத்து, வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800 என்று அறிவித்தார். விளையாட்டு அங்கே தொடங்கியது.

இதில் மூளைக்கு அதிக வேலை வைப்பது புதிர்ப் பெட்டி. அறிவிப்பில் இருக்கும் இடம் போலி. அசல் இடம் ஒரு சங்கேதத்துக்குள் இருக்கும். புதியவர்கள் சங்கேதத்தையே வெறித்துப் பார்ப்பார்கள். பழகியவர்கள் முதலில் விடையின் உருவத்தைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் விடை எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடுகிறது.

அசல் இடம் போலி இடத்திலிருந்து 2 மைலுக்குள், அதாவது சுமார் 3.2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. உல்மரின் இடத்தையே ஒரு போலி இடமாக வைத்துக்கொள்வோம். டிகிரி குறிக்குப் பின்னால் வருவது நிமிடம், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அட்சரேகையில் ஒரு நிமிடம் 1.85 கிலோமீட்டர். 45 டிகிரி வடக்கில் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் அங்கே ஒரு நிமிடம் 1.3 கிலோமீட்டர்தான். ஆகவே விடை வடக்கில் 15.7 முதல் 19.2 நிமிடத்துக்குள்ளும், மேற்கில் 22.3 முதல் 27.3 நிமிடத்துக்குள்ளும் அடங்கும். மொத்தம் 15 இலக்கங்கள். அவற்றில் 4, 5, 1 மற்றும் 1, 2, 2, 2 ஆகிய ஏழும் உறுதி. நிமிடத்தின் இரண்டாம் இலக்கம் வடக்கில் 5 முதல் 9 வரை, மேற்கில் 2 முதல் 7 வரை. முழுக்கத் தெரியாதவை, புள்ளிக்குப் பின்னால் வரும் ஆறு மட்டுமே.

இதை வைத்துச் சங்கேதத்தை எண்ணிப் பாருங்கள். 15 பறவைப் படங்களோ, கொடிகளோ, வண்ணக் கட்டங்களோ இருந்தால் ஒன்றுக்கு ஓர் எண் என்று கொள்ளலாம். மூன்றாவது படமும் எட்டாவது படமும் ஒன்றா? 9, 10, 11 மூன்றும் ஒன்றா? ஆம் என்றால் வழி சரி. 1, 2, 4, 5 ஆகிய நான்கு எண்களுக்கான படங்கள் அப்போதே கைக்கு வந்துவிட்டன. பொருந்தவில்லை என்றாலும் லாபம்தான்: ஒரே எண்ணுக்குப் பல படங்கள் இருக்கலாம், அல்லது வரிசை தலைகீழாக இருக்கலாம்.

நீளமான எழுத்துத் தொடராக இருந்தால் எண்களை ஆங்கிலச் சொற்களாக எழுதி மறைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஸீரோ முதல் நைன் வரை ஆங்கிலத்தில் எழுத 15 எழுத்துகளே தேவை. ஏ, பி, சி, டி நான்குமே அவற்றில் கிடையாது. எண்கள் மட்டுமே கொண்ட பகுதியில் ஒரு குறி எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தால் அது ஆங்கில ‘இ’ (E) ஆக இருக்கும் என்று தொடங்கலாம். தொடக்கம் ‘நார்த் ஃபார்ட்டி ஃபைவ்’ என்று ஊகித்து, எழுத்துகளை ஏ=0, பி=1 என எண்ணாக்கி, அவற்றைச் சங்கேத எழுத்துகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் எங்கும் ஒன்றே என்றால் வெறும் இடம் தள்ளல், அதாவது எல்லா எழுத்தும் அகரவரிசையில் ஒரே அளவு நகர்ந்திருக்கிறது. வித்தியாசங்களை மீண்டும் எழுத்தாக்கும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தால், அந்தச் சொல்தான் சாவி. அறிவிப்பின் அடியில் உள்ள உதவிக்குறிப்பு மட்டும் வழக்கமாக 13 இடம் தள்ளிய எழுத்துகளில் இருக்கும். அதில் மூளையைச் செலவழிக்க வேண்டியதில்லை.

இடத்துக்கு நேரில் போய் எண் சேகரிக்கும் வகையும் உண்டு: கல்வெட்டில் உள்ள ஆண்டு, பாலத்தின் தூண்கள், ஜன்னல்கள். கணக்கு எளிது, தவறுவதோ இங்கேதான் அதிகம். 1987இன் இலக்கக் கூட்டு 25. அதையும் கூட்டினால் 7. ஒளித்தவர் எதைக் கேட்கிறார் என்பதைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். கட்டிய ஆண்டு ஒன்று, புதுப்பித்த ஆண்டு ஒன்று என இரண்டு பலகைகள் இருக்கும் கட்டடங்கள் ஆளைக் கவிழ்த்துவிடும். சரிபார்க்க மொத்த இலக்கக் கூட்டு தரப்பட்டிருந்தால் (உல்மரின் இடத்துக்கு அது 46) ஓர் இலக்கம் தவறினாலும் தெரிந்துவிடும்; ஆனால் 17.460ஐ 17.640 என்று இலக்கங்களை இடம் மாற்றி எழுதியதை அது காட்டிக்கொடுக்காது. ஒரே ஓர் இலக்கம் தெரியாமல் நின்றால், அதே கூட்டிலிருந்து கழித்து எடுத்துவிடலாம்.

கூட்டு தரப்படவில்லை என்றால்? தெரியாதது அட்சரேகையின் கடைசி இலக்கம் என்றால் கவலை வேண்டாம்; 1.85 மீட்டர் இடைவெளியில் பத்துப் புள்ளிகள், ஒரு வேலி ஓரமாக நடந்தே தேடிவிடலாம். புள்ளிக்கு அடுத்த இலக்கம் என்றால் இடைவெளி 185 மீட்டர். அப்போது பத்துப் புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்து, ஏரியிலும் தனியார் நிலத்திலும் விழுபவற்றை நீக்குங்கள். இரண்டு பெட்டிகளுக்கு இடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதால், ஏற்கெனவே உள்ள பெட்டிகளுக்குப் பக்கத்தில் விழுபவையும் போய்விடும். பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் மிஞ்சும்.

சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே தவறான இடத்தில் தேடுவோரும் உண்டு. காரணம், எண்ணைப் பதியும் வடிவம். 45° 17.460 என்பது டிகிரியும் தசம நிமிடமும். அதை 45.17460 டிகிரி என்று பதிந்தால் சுமார் 13 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள்; சரியான தசம டிகிரி 45.2910. புள்ளிக்குப் பின்னுள்ளதை 46 விநாடி என்று எண்ணினால் பிழை சுமார் 570 மீட்டர். இந்த இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் அந்த இடமும் நம்பும்படியாகவே இருக்கும்.

களத்தில் கைபேசி திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் பிழையோடு காட்டும். அடர்ந்த மரங்களுக்கும் உயரமான சுவர்களுக்கும் அருகில் இன்னும் மோசம். பத்து மீட்டருக்குள் வந்ததும் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். இயற்கையில் குச்சிகள் இணையாக அடுக்கிக் கிடப்பதில்லை; இரும்பு வேலியில் ஒரு திருகு மட்டும் துருவில்லாமல் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள், காந்தம் ஒட்டிய குப்பியாக இருக்கலாம். சிறிய குப்பிகளில் பேனா இருக்காது.