‘நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்’: நிறுத்தினார்களா, இல்லையா?

தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கும் பராமரிப்புப் பொறியாளர்களுக்கும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பு முடிந்ததும் இளம் பொறியாளர் ஒருவர் தன் விபத்து அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். கன்வேயரைப் பழுதுபார்க்கும்போது ஒருவருக்கு விரலில் காயம். அதில் ஒரு வரி: ‘தி பவர் மஸ்ட் ஹேவ் பீன் ஸ்விட்ச்டு ஆஃப் பிஃபோர் தி ரிப்பேர்.’ இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. “என்ன சொல்ல வந்தீங்க தம்பி?” என்று கேட்டேன். “கரண்ட்டை நிறுத்தியிருக்கணும், நிறுத்தலை சார். அதான்.”

வெளிநாட்டில் அதைப் படித்த அதிகாரி புரிந்துகொண்டதோ நேர் எதிர். ‘நிறுத்தியிருப்பார்கள் போலிருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டார். நிறுத்தியிருந்தால் காயம் எப்படி வந்தது என்று கேட்டு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல்.

தவறு தமிழ் ‘வேண்டும்’ என்ற சொல்லிலிருந்து வருகிறது. ‘மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்’ என்று எழுதினால் இரண்டு பொருளும் வரும். ஒன்று, செய்யத் தவறியதைச் சொல்லும் குறை. இன்னொன்று, நடந்திருக்கும் என்ற ஊகம். பேசும்போது குரல் காட்டிக்கொடுத்துவிடும், எழுத்தில் அந்த வசதி இல்லை. ஆங்கிலம் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. தவறிய கடமைக்கு ‘ஷுட் ஹேவ் பீன் ஸ்விட்ச்டு ஆஃப்’, ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ் பீன் ஸ்விட்ச்டு ஆஃப்’. பள்ளியில் ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் கொஞ்சம் மென்மை என்று படித்தோம். அது நிகழ்காலத்துக்குச் சரி. பின்னால் ‘ஹேவ் பீன்’ வந்துவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

இவ்வளவு நீளமான வினைத்தொடரை எப்படி வரிசைப்படுத்துவது என்று பலர் மலைக்கிறார்கள். நான் பலகையில் ‘ஒத்திவைக்கப்பட வேண்டும்’ என்று எழுதி, வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்வேன். வேண்டும்: மஸ்ட். பட: பி. வைக்க: புட். ஒத்தி: ஆஃப். ‘மஸ்ட் பி புட் ஆஃப்’ வந்துவிட்டது! ‘ஒத்திவைக்கப்பட்டிருக்க வேண்டும்’ என்றாலும் அதே வழிதான். வேண்டும், இருக்க, பட்டு, வைக்க, ஒத்தி. ‘ஷுட் ஹேவ் பீன் புட் ஆஃப்.’ தமிழ் வினையைக் கண்ணாடியில் பார்த்தது போல. எல்லா வினைக்கும் இது பொருந்தாது, ‘ஒத்தி’ என்றாலே ‘ஆஃப்’ என்றும் ஆகிவிடாது. ஆனாலும் வரிசை மனதில் பதிய இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

நடைமுறையில் அதிகம் காணாமல்போவது ‘பி’. ‘மீட்டிங் மஸ்ட் புட் ஆஃப்’ என்று வாரத்துக்கு நாலு பேராவது எழுதுகிறார்கள். காரணம் சோம்பல் இல்லை. பேச்சில் நாம் செயப்பாட்டுவினையை அநேகமாகத் தொடுவதே இல்லை. ‘மீட்டிங்கைத் தள்ளிவைக்கணும்’ என்கிறோம். யார் என்று சொல்லவில்லை, ‘படு’வும் இல்லை, யாருக்கும் குழப்பமும் இல்லை. அதை அப்படியே ஆங்கிலத்துக்கு எடுத்துப்போனால் மீட்டிங்கே எழுந்து வேறு எதையோ தள்ளிவைப்பது போல ஆகிவிடுகிறது.

அப்புறம் அந்தக் கடைசிக் குட்டிச் சொல். ‘தீயை அணைக்க வேண்டும்’ என்பதற்கு ‘தி ஃபயர் மஸ்ட் பி புட் அவுட்’. ஒரு பயிற்சித் தாளில் ‘புட் ஆஃப்’ என்று இருந்தது. தீயை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்! சிலர் குட்டிச் சொல்லையே விட்டுவிடுவார்கள். ‘தி டிரெய்னி ஷுட் பி லுக்ட்’ என்று நின்றுவிடும், ‘ஆஃப்டர்’ இருக்காது. ‘இந்த நடைமுறையை ஒழிக்க வேண்டும்’ என்பதற்கு ‘ஷுட் பி டன் அவே வித்’. கடைசியில் ‘வித்’ தொங்குவதைப் பார்த்து அடித்துவிடுகிறார்கள். வாக்கியம் ‘வித்’, ‘ஆஃப்’ போன்ற முன்னிடைச்சொல்லில் (பிரெபொசிஷன்) முடியக்கூடாது என்று ஏதோ ஒரு வகுப்பில் மிரட்டியிருப்பார்கள். கவிஞர் ஜான் டிரைடன் 1672இல் நாடக ஆசிரியர் பென் ஜான்சனைக் குறை சொல்லக் கிளப்பிய விஷயம் அது. அவருக்குப் பயந்து இன்றைக்கு ஓர் அறிக்கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக் குட்டிச் சொல்லோடு சேர்ந்து வரும் வினைகளுக்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர்; எல்லா ஃப்ரேசல் வெர்பும் செயப்பாட்டுக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் பழுதாகலாம் என்றால் ‘மே பிரேக் டவுன்’தான். ‘மே பி புரோக்கன் டவுன்’ என்றால் அதைப் பிரித்துப்போடலாம் என்று ஒருவர் ஸ்பேனரோடு வந்து நிற்பார். செலவுக் கணக்கை வகைவாரியாகப் பிரித்துக் காட்டலாம் என்பதற்கு ‘கேன் பி புரோக்கன் டவுன்’ சரி.

எதிர்மறையில்தான் எனக்கு உண்மையான பயம். ‘கம்ப்ரஸரை நிறுத்த வேண்டாம்’ என்ற தமிழ் வரியைப் பாருங்கள். நிறுத்தத் தேவையில்லையா, நிறுத்தவே கூடாதா? தேவையில்லை என்றால் ‘நீட் நாட் பி ஷட் டவுன்’. கூடாது என்றால் ‘மஸ்ட் நாட் பி ஷட் டவுன்’. முதலாவதைப் படித்தவர் விருப்பப்பட்டால் நிறுத்துவார், அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அறிவிப்பு எழுதும் முன் ‘தேவையில்லை’, ‘கூடாது’ இரண்டில் எது என்று தமிழிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தர ஆவணங்களில் இது இன்னும் கறார். ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரநிலைகளில் ‘ஷேல்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி. ‘ஷேல் பி கேரீடு அவுட்’ என்று இருக்கும் சோதனையை ‘ஷுட் பி கேரீடு அவுட்’ என்று உள்ளூர் நடைமுறைத் தாளில் மாற்றி எழுதினால், கட்டாயச் சோதனை சத்தமில்லாமல் யோசனையாகிவிடும். கேட்க அழகாக இருக்கிறதே என்று மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தணிக்கைக்கு வருபவருக்கு அந்த அழகு தெரியாது.

விரல் காய அறிக்கைக்கு வருகிறேன். அந்தத் தம்பி ‘மஸ்ட்’டை அடித்து ‘ஷுட்’ என்று எழுதினார். அடுத்த வரியாக ‘இட் வாஸ் நாட்’ என்று சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். “யார் நிறுத்தியிருக்கணும்?” என்று கேட்டேன். செயப்பாட்டுவினை ஒளித்துவைத்திருந்த ஆள் அங்கேதான் இருந்தார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “அதையும் எழுதணுமா சார்?” என்றார்.