மார்க்கர்லெஸ் மோஷன் கேப்சர்: தமிழில் எப்படிச் சொல்வது?

இறுக்கமான கறுப்பு உடுப்பு, அதில் தோள், முழங்கை, முட்டி என மூட்டுக்கு மூட்டு ஒட்டிய சின்ன உருண்டைகள். சினிமா நடிகர்களை இந்தக் கோலத்தில் பார்த்திருப்பீர்கள். ஒளியைத் திருப்பி அனுப்பும் அந்த உருண்டைதான் மார்க்கர். கேமராக்கள் அவற்றைப் பின்தொடர்ந்து, உடல் எப்படி அசைந்தது என்று கணக்கிடும். எதையும் ஒட்டாமல், வெறும் வீடியோவிலிருந்தே கணக்கிடுவது மார்க்கர்லெஸ் மோஷன் கேப்சர்.

'மார்க்' என்றால் பழைய ஆங்கிலத்தில் எல்லை. அடையாளம் என்ற பொருள் அதிலிருந்து வளர்ந்தது. 'கேப்சர்', பிடித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையின் வழி வந்தது. சொல் புதிதானாலும் வேலை பழையது. 1880களில் பிரான்சில் எத்தியென் ழூல் மரே என்ற உடலியல் அறிஞர், கறுப்பு உடையில் கைகால் நெடுக வெள்ளைக் கோடு போட்ட ஆளை நடக்கவிட்டுப் படமெடுத்தார். ஆள் மறைந்து, கோடுகள் மட்டும் படத்தில் விழுந்தன.

பலரைச் சேர்த்துப் பதியும்போதுதான் சிக்கல். ஒருவர் இன்னொருவரை மறைப்பார். எந்தக் கை யாருடையது? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்போஸ் மென்பொருள், படத்திலுள்ள எல்லா மூட்டுகளையும் முதலில் கண்டுபிடிக்கும். அப்புறம் எது எதோடு சேரும் என்று பார்த்து, ஆள் ஆளாகப் பிரிக்கும். அங்கேயே பனாப்டிக் ஸ்டுடியோ என்ற கோள வடிவக் கூடத்தில் 480க்கும் மேற்பட்ட கேமராக்களைச் சுற்றிலும் பொருத்தினார்கள். ஒன்றுக்கு மறைவது இன்னொன்றுக்குத் தெரியும். அதற்குள் இருவர் விற்க, ஒருவர் வாங்க, மூவரையும் பேரம் பேசவிட்டுப் பதிந்தார்கள். உடம்பெல்லாம் உருண்டையோடு நிற்பவருக்கு அந்தப் பேச்சு இயல்பாக வருமா? இந்த முறையின் அருமையே இதுதான்.

சரி, தமிழில்? 'இயக்கம்' வேண்டாம், டைரக்‌ஷனும் கட்சியும் நினைவுக்கு வரும். 'அசைவு' தெளிவு. 'பிடிப்பு' என்றால் தசைப்பிடிப்புதான் தோன்றுகிறது, 'பதிவு' நல்லது. 'குறியற்ற', 'புள்ளியில்லா' என்பவை எனக்கு ஒப்பவில்லை. ஏனென்றால் புள்ளி போய்விடவில்லை. ஓப்பன்போஸே ஓர் உடலில் 25 புள்ளிகள் வரை வைக்கிறது. தோலில் ஒட்டிய புள்ளி இப்போது படத்தில் விழுகிறது, அவ்வளவுதான். போனது ஒட்டு. அதனால் 'ஒட்டில்லா அசைவுப் பதிவு' என்பேன். பலரைச் சேர்த்துச் சொல்ல இன்னொரு அடைமொழியை அடுக்க வேண்டாம்; 'பலரின் ஒட்டில்லா அசைவுப் பதிவு' போதும்.