ஒரு கோப்பை காபி, அரை நாள் இருக்கை: வியன்னா காபி ஹவுஸில் எதைப் பாதுகாக்கிறோம்?

வியன்னா காபி ஹவுஸ் பற்றிய பயணக் குறிப்புகளில் இரண்டு தவறுகள் ஓயாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்பது முதல் தவறு. 2011-ல் அது சேர்ந்தது, ஆஸ்திரியா தன் நாட்டு மரபுகளுக்காக வைத்திருக்கும் பட்டியலில். மனிதகுலம் முழுமைக்குமான யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் 2013-ல் ஏறியது துருக்கிக் காபி மரபு. வியன்னாவின் பழைய நகரப் பகுதி 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, வியன்னாவுக்காக உளவு பார்த்த கோல்ஷிட்ஸ்கி என்பவரின் கதை. 1683-ல் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்று ஓடிய துருக்கிப் படை விட்டுப்போன மூட்டைகளை ஒட்டகத் தீவனம் என்று எல்லோரும் நினைக்க, அவர் மட்டும் அது காபிக்கொட்டை என்று கண்டுகொண்டு முதல் கடையைத் திறந்தாராம். இந்தக் கதையைப் பரப்பியது, நூறு ஆண்டு கழித்து 1783-ல் கோட்ஃபிரீட் உலிஹ் என்ற பாதிரியார் எழுதிய நூல். ஆவணம் வேறு சொல்கிறது: 1685 ஜனவரி 17 அன்று யோஹானஸ் டியோடாட்டோ என்ற ஆர்மீனிய வணிகர் காபி விற்க 20 ஆண்டு தனியுரிமை பெற்றார். கோல்ஷிட்ஸ்கிக்கு 1885-லேயே சிலை வந்துவிட்டது. டியோடாட்டோ பெயரில் ஒரு சிறு பூங்கா அமைய 2004 வரை ஆனது.

ஆஸ்திரியப் பட்டியலில் பதிவானது கட்டடமோ காபித்தூளோ இல்லை, ஒரு பழக்கம். ஒரே ஒரு கோப்பை வாங்கிவிட்டு மணிக்கணக்கில் உட்காரலாம்; இடத்துக்கும் நேரத்துக்கும் காசு கிடையாது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னாவில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. படுக்கையை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தூங்கியவர்கள் ஏராளம். குளிர்காலத்தில் கணப்பும் விளக்கும் செய்தித்தாளும் ஒரு காபி விலைக்குக் கிடைத்த இடம் இதுதான். பேட்டர் ஆல்டன்பெர்க் என்ற எழுத்தாளர் 1876-ல் திறந்த கஃபே சென்ட்ரலையே தன் தபால் முகவரியாகக் கொடுத்திருந்தார்.

இந்தப் பழக்கம் தானாக நிலைக்காது. அதைத் தாங்கப் பொருள்கள் வேண்டும். 1720-லேயே கிராமர் காபி ஹவுஸ் வாடிக்கையாளர்களுக்குச் செய்தித்தாள் வைத்தது. நெப்போலியன் 1806-ல் ஐரோப்பியத் துறைமுகங்களைப் பிரிட்டிஷ் வணிகத்துக்கு அடைத்ததும் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் சிக்கரி வேரை வறுத்துக் குடித்தார்கள், நம் ஃபில்டர் காபியில் கலக்கும் அதே சிக்கரி. வியன்னாக் கடைகள் பிழைப்புக்காகச் சூடான சாப்பாடு போட ஆரம்பித்தன. இன்றைக்கும் அங்கே மதியச் சாப்பாடு கிடைப்பதற்கு அதுதான் மூலம்.

பொருள்களில் நாற்காலிதான் முக்கியம். 1850-ஐ ஒட்டி கஃபே டவும், மிஷாயெல் தோனெட் என்ற மரச்சாமான் தயாரிப்பாளரிடம் வளைமர நாற்காலிகள் வாங்கியது. 1859-ல் வந்த அவருடைய 14-ம் எண் நாற்காலிக்கு மொத்தம் ஆறு மரத் துண்டுகள், பத்து திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும்.

பீச் (beech) மரக் கோலை நீராவியில் வேகவைத்து இரும்பு அச்சில் வளைப்பார்கள். வெந்த மரத்தை நன்றாக அமுக்கலாம், ஆனால் நீளவாக்கில் ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு மேல் இழுத்தால் வெளிப்புறம் வெடித்துவிடும். அதனால் வளைவின் வெளிப்பக்கம் ஓர் உலோகப் பட்டையை இறுக்கிக் கட்டி, கோலின் இரு முனைகளையும் அதற்குள் முட்டுக்கொடுத்துவிடுவார்கள். அப்புறம் மரம் நீளவே முடியாது, உள்பக்கம் அமுங்கித்தான் வளையும். உலரும்வரை அச்சை விட்டு எடுக்கக் கூடாது.

இந்த நாற்காலியைக் கெடுப்பது பெரும்பாலும் தவறான பழுதுபார்ப்புதான். ஆடுகிறதென்று ஆணி அடிக்கிறார்கள். மரம் இழையோடு பிளந்துவிடுகிறது. செய்ய வேண்டியது எளிது. கவிழ்த்துப் போட்டு, முதுகு வளைவு இருக்கை வளையத்தோடு சேரும் இடத்தில் உள்ள திருகாணிகளையும் மரைகளையும் பாருங்கள். தளர்ந்திருந்தால் இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கால்களை இணைக்கும் கீழ் வளையம் கழன்றிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

இருக்கையின் பிரம்புப் பின்னல் தொய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டாம். வெந்நீரில் துணியை நனைத்து இருக்கையின் அடிப்பக்கத்தை ஊறும்படி ஈரமாக்குங்கள். மேல்பக்கம் பிரம்பின் வழவழப்பான தோல் என்பதால் அங்கே தண்ணீர் இறங்காது. நிழலில் ஒரு நாள் முழுக்க உலரட்டும், அதுவரை யாரும் உட்காரக் கூடாது. உலர்கையில் பிரம்பு சுருங்கி விறைக்கும். இழை அறுந்திருந்தால் மட்டும் இது உதவாது, புதிதாகப் பின்னத்தான் வேண்டும். கணப்புக் குழாயை ஒட்டி நாற்காலியைப் போட்டால் பிரம்பு காய்ந்து நொறுங்கும்.

பளிங்கு மேசையில் எலுமிச்சையோ வினிகரோ பட்டால் கல்லே கரைந்து மங்கும். துடைத்தாலும் போகாது, மெருகுதான் ஏற்ற வேண்டும். ஆகவே வினிகர் ஊற்றிச் சுத்தம் செய்வதை நிறுத்துங்கள். காபிக் கறைக்கு, சமையல் சோடாவில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டுக் கழுவினால் போதும். கறுப்புப் பளிங்கில் செய்யாதீர்கள், வெளுத்துவிடும்.

கட்டடம் பிழைத்தும் பழக்கம் அழிந்த கடைகள் உண்டு, அதுதான் வருத்தம். 1938-ல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபின் யூத உரிமையாளர்களின் கடைகள் பறிக்கப்பட்டன. அங்கே உட்கார்ந்து எழுதியவர்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள், கொல்லப்பட்டார்கள். 1950-களில் நின்றபடி குடிக்கும் எஸ்பிரெசோ பார்களும் தொலைக்காட்சியும் வந்து பல பழைய கடைகளை மூடவைத்தன. கூட்டம் சேரும் கடைகளில் இப்போதைய ஆபத்து வேறு: வாசலில் நீளும் வரிசை உள்ளே இருப்பவரை எழுப்பிவிடுகிறது. படம் எடுக்க மட்டும் போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

போகிறவர்கள் வெறுமனே ‘காபி’ என்று கேட்காதீர்கள். மெலாஞ்ஜ் என்றால் காபியும் சூடான பாலும் ஏறக்குறைய சரிபாதி, மேலே நுரை. பிரவுனர் என்றால் கறுப்புக் காபி, பால் தனிக் குடுவையில். ஐன்ஷ்பென்னர் கண்ணாடி டம்ளரில், கடைந்த கிரீமால் மூடி வரும். ஒற்றைக் குதிரை வண்டியின் பெயர்தான் அது. கிரீம் மூடி சூட்டைப் பிடித்துவைக்கும். கலக்காமல் அதன் ஊடாகவே குடிக்க வேண்டும். எதுவானாலும் சிறு உலோகத் தட்டில் வரும், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், அதன் வாய்மேல் கவிழ்த்த கரண்டி. காபி தீர்ந்த பிறகும் நல்ல கடையில் கேட்காமலே புதுத் தண்ணீர் வைப்பார்கள். எழுந்து போகச் சொல்லும் ஜாடை இல்லை அது. இன்னும் உட்காருங்கள் என்று அர்த்தம். நீங்கள் கேட்காமல் பில் வராது. பரிசாரகரை ‘ஹெர் ஓபர்’ என்று அழைத்து, ‘ட்சாலென், பிட்டெ’ (பணம் கட்ட வேண்டும்) என்று சொன்னால் போதும்.